முகத்தில் மங்கு விழுந்தால்...

வயலைப் பற்றிப் பேசுகிற ஆள் இன்றைக்கு முகத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீங்க. காரணம் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துக்கு வேர்க்கடலைப் பயிரைப் பார்க்கப் போயிருந்தேன். களையெடுத்த ஓர் அம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே பேசினாங்க. ஏன் என்று கேட்டேன். "கன்னத்துல மங்கு சார். கடையில ஒரு களிம்பு குடுத்தாங்க. பூசினதும் வெளுத்துச்சு. ஒரு வருஷமாப் பூசுறேன். இப்ப ஒருநாள் விட்டாலும் எரியுது, சிவக்குது, முன்னைவிடக் கறுக்குது" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்த களிம்பு!

நாற்று மஞ்சளானால் உடனே யூரியாவை அள்ளிப் போடுகிறோமா? தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, பூச்சியா என்று பார்க்கிறோம். முகத்துக்கும் அதே கணக்குதான்.

மங்கு அழுக்கு அல்ல, ஒட்டுநோய் அல்ல, சாபமும் அல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனின் சில இடங்களில் அதிகமாக உண்டாவதே மங்கு. இரு கன்னம், நெற்றி, மூக்கு, மேலுதட்டில் பழுப்பாகப் படரும். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை முக்கியக் காரணங்கள். பெண்களுக்கே அதிகம், ஆண்களுக்கும் வருவது உண்டு. அடுப்படி அனலும், சிப்காட் ஆலைகளில் உலையருகே வேலை செய்வோர் முகத்தில் படும் அனலும் இதைக் கூட்டலாம்.

ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் வெளியே தெரியும், பரு வரும், முகத்தில் முடி முளைக்கும். அதனால்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது.

சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது. 2021 முதல் 2023 வரை கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 15 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்!

சரி, என்ன செய்யலாம்?

1. முதல் மருந்து நிழல். காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் வயல்வேலையை வைத்துக்கொள்ளுங்க. நடுப்பகலில் போக வேண்டியிருந்தால் அகன்ற ஓலைத் தொப்பி போடுங்க. முடிந்தவர்கள் வெயில்தடுப்புக் களிம்பும் பூசலாம்.

2. எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போகாதீங்க. தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

3. கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானே மங்கும். பொறுத்திருங்க.

4. கருத்தடை மாத்திரையால் என்று தோன்றினால், நீங்களாக நிறுத்தாமல் கிராம செவிலியரைக் கேளுங்க.

5. களிம்பு பூசிப் பழகியவர்கள், அந்தக் குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்க. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதே!

6. கழுத்தின் பின்புறம் தடித்து வெல்வெட் போலக் கறுத்தால் அது மங்கு அல்ல. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்க.

மங்கு ஒரு வாரத்தில் போகாது, மாதங்கள் ஆகும். வெயிலில் அசட்டையாக இருந்தால் திரும்பவும் வரும். ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று சொல்கிறவரை நம்பாதீங்க.

அந்த அம்மா மருத்துவரிடம் போனாங்க. சில மாதம் கழித்துப் பார்த்தேன். மங்கு முழுசாகப் போகவில்லை, எரிச்சல் நின்றுவிட்டது. தலையில் ஓலைத் தொப்பி. முகத்தில் முந்தானை இல்லை.