கூட்டுச் சமையலும் குடும்பச் சிக்கனமும்



வீட்டு வாடகையைக் குறைத்துச் செலுத்த இயலாது. ஆகவே, மாத இறுதியில் பணம் போதாதபோது பல குடும்பங்கள் உணவுச் செலவையே குறைக்கின்றன. 1982 ஆம் ஆண்டில் மொன்றியாலின் ஓஷெலாகா-மெசொன்னேவ் பகுதியில் ஜசிந்த் உவெலெத் என்னும் பெண்மணி, தம் சகோதரியுடனும் தோழியுடனும் இதற்கு ஒரு வழி கண்டார். மூவரும் பணத்தையும் உழைப்பையும் ஒன்றுசேர்த்து, மொத்தமாகச் சமைத்துப் பகிர்ந்துகொண்டனர். அதுவே கூட்டுச் சமையற்கூடங்களாகக் கியூபெக் எங்கும் பரவிற்று. 1990 இல் அவற்றுக்கென ஓர் ஒன்றியமும் அமைந்தது.

இது தானமன்று. உறுப்பினர் கூடி உணவு வகைகளைத் தெரிவுசெய்வர். மலிவு பார்த்துப் பொருள்களை வாங்குவர். ஒன்றாகச் சமைத்து, தத்தம் பங்குக்குரிய பணத்தைச் செலுத்தி, உணவை வீட்டுக்கு எடுத்துச் செல்வர்.

நம் சமையலுக்கும் இம்முறை பொருந்தும். பருப்புக்கறி, சாம்பார், கடலைக்கறி ஆகியன உறைநிலையில் நன்கு தாங்கும். உருளைக்கிழங்கின் பதம் கெடும், தேங்காய்ப்பால் திரியும். இவ்விரண்டையும் பின்னர்ச் சூடாக்கும்போது சேர்ப்பதே நன்று.

சமைத்த உணவை ஆழமற்ற பாத்திரங்களில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, திகதியிட்டு, −18 பாகை செல்சியசில் உறையவைத்தால் இரண்டு, மூன்று மாதங்களுக்குச் சுவை குன்றாது.

அருகிலுள்ள கூட்டுச் சமையற்கூடத்தை அறிய 211 என்னும் எண்ணை அழைக்கலாம். தனித்துச் சமைப்போரும் அண்டை வீட்டார் இருவருடன் இதனைத் தொடங்கலாம். முதற்கூடமும் மூவரால் தொடங்கியதே.