பின்னேரங்களில் என்ன செய்வியள்?



விளையாட்டு, பாட்டு, கைவேலை ஆகியவற்றின் துணையோடு நோயாளரைத் தேற்றும் பொழுதுபோக்குச் சிகிச்சை பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அதன் முதற்படி, நோயாளரோடு இருந்து கதைத்து அவரை அறிவது.

"உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டால் அச்சுவேலித் தாயொருவர் சிரிப்பார். "எனக்கென்ன பொழுதுபோக்கு? அடுப்படியும் வெங்காயத் தோட்டமும்தான்" என்பார். பொழுதுபோக்கு என்றாலே சோம்பல் என்று எண்ணிப் பழகிய ஊர் எங்களுடையது. அமெரிக்காவில் ஜனிஸ் மட்சுட்சுயு 1969இல் வெளியிட்ட விருப்பப் பட்டியலில் 80 செயல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் தமக்குள்ள ஆர்வத்தை நோயாளர் குறிக்க வேண்டும். எங்கள் ஊருக்கான பட்டியலிலோ பனையோலைப் பின்னல், கிளித்தட்டு, பண்ணிசை, மாலை கட்டுதல் எல்லாம் இருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் இப்படிக் கேட்போம்: "முந்திப் பின்னேரங்களில என்ன செய்வியள் அம்மா? ஆரோட?" மனச்சோர்வுள்ளவர் "ஒண்டிலும் விருப்பமில்லை" என்பார். அது நோயின் அறிகுறி. எனவே பழைய நாட்களைக் கேட்டறிவது அவசியம். மகள் முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வோம். தாய் மௌனமாக இருந்தால் காத்திருப்போம்.

"ஆரோட?" என்ற கேள்விக்குத்தான் பலருக்குக் கண் கலங்கும். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, கூடிப் பின்னியவர்களும் பாடியவர்களும் திக்குத்திக்காய்ப் பிரிந்தார்கள். எங்கள் வகுப்பும் அப்படித்தான் சிதறியது. போர் தனிமனிதரோடு குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதை, உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றிய தமது கட்டுரைகளில் விளக்கியுள்ளார்.

பிறகு, தடை எது என்று கேட்போம். முழங்கால் நோவா, பஸ் காசா, கணவனை இழந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற ஊர்ப் பேச்சா, அல்லது கூப்பிட ஆளில்லையா? நோவுக்கு மருந்து தரலாம். மற்றவற்றுக்கு மனிதர்தான் வேண்டும். கடைசியாக, வருகிற கிழமைக்குள் செய்யக்கூடிய ஒரேயொரு சிறிய காரியத்தை அவரே தெரிவுசெய்வார். அதையே சிகிச்சைத் திட்டத்தில் முதலாவதாக எழுதுவோம்.

கூப்பிட ஆளில்லாதவர்களுள் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் இருக்கலாம். சங்கம் மாதத்தில் ஒரு பின்னேரத்தை அவர்களுக்காக ஒதுக்கட்டும். கடிதம் போடுவதோடு நிற்காமல், வீட்டுக்கே போய்க் கையோடு கூட்டிவாருங்கள்.