பதினோராவது கேள்வி
(பேச்சின் எழுத்து வடிவம்)



ஒரு அமெரிக்கக் கேள்வித்தாளைப் பற்றிப் பேச வந்திருக்கேன். பத்துக் கேள்வி. பதினெட்டு வயசுக்குள்ள வீட்ல உன்னை அடிச்சாங்களா? கேவலமாப் பேசுனாங்களா? அம்மா அடி வாங்கறதப் பாத்தியா? வீட்ல யாராவது குடிச்சாங்களா? ஜெயிலுக்குப் போனாங்களா? இப்படிப் போகும். ஒரு ‘ஆமா’வுக்கு ஒரு மதிப்பெண்.

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 1995-97இல் 17,000 பேருக்கு மேல் இந்த வகைக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் 1998இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ துன்பப்பட்ட குழந்தை வளர்ந்த பிறகு குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி என்று விழும் அபாயம், எதுவும் படாதவரைவிட 4 முதல் 12 மடங்கு. இருதய நோயும் கூடுதல். ஓயாத பயத்தில் வளர்கிற உடம்பில், ஆபத்து நேரத்துக்கான ஹார்மோன்கள் நிற்காமல் சுரக்கின்றன. ரத்தக்குழாயெல்லாம் அதில் தேய்கிறது.

பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கலை. ஆனா யார்கிட்ட கேட்டாங்க? பெரும்பாலோர் வெள்ளையர். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், கல்லூரிப் படி மிதித்தவர்கள். அவர்களுக்குத் துன்பம் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான். பத்துக் கேள்வியும் வாசலைத் தாண்டலை.

அதே தாளைக் கறுப்பினக் குழந்தையிடம் நீட்டுங்கள். அப்பா ஜெயிலில், ஒரு மதிப்பெண், குடும்பத்தின் கணக்கில். கறுப்பு ஆண்களை வெள்ளையரைவிடப் பல மடங்கு விகிதத்தில் உள்ளே தள்ளும் போலீசும் கோர்ட்டும் தாளில் கிடையாது. மிச்சிகனில் ஃபிளின்ட் என்ற ஊர், கறுப்பர்கள் பெரும்பான்மை. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கவில்லை. குழாயின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் 2015இல் பிள்ளைகளின் ரத்தக் கணக்கைக் காட்டும்வரை, நல்ல தண்ணீர்தான் என்று அதிகாரிகள் சாதித்தார்கள். ஈயம் மூளையைக் கெடுக்கும். அம்மா பால்மாவில் கரைச்சுக் கொடுத்தது அந்தத் தண்ணியத்தான். இது எத்தனையாவது கேள்வி?

பிலடெல்ஃபியாவில் 2012-13இல் வாசலைத் தாண்டிக் கேட்டார்கள். இனப் பாகுபாடு, பாதுகாப்பில்லாத தெரு, கண்ணெதிரே நடந்த வன்முறை போன்றவற்றைச் சேர்த்தார்கள். 1,784 பேரில் 13.9 சதவீதம் பேர் புதுக் கேள்விகளுக்கு மட்டுமே ‘ஆமா’ சொன்னார்கள். பழைய தாளின்படி இவர்கள் துன்பமே படாதவர்கள்! படிவத்துல கட்டம் இல்லன்னா அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம். பேங்க் கவுண்டர்ல தினம் பாக்கறேன்.

அம்பேத்கரை அந்தப் பழைய தாளின் முன்னால் உட்கார வைப்போம். ராணுவத்தில் சுபேதாரா இருந்த அப்பா, பிள்ளையைப் படிக்க வைத்தவர். சதாராப் பள்ளிக்கூடத்தில் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் இந்தப் பையனுக்குத் தண்ணி. பியூன் இல்லாத அன்னிக்கு நாக்கு வறண்டு கிடக்கணும். அந்தத் தாகத்துக்குப் பத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

1969 ஜனவரியில் ஓக்லாந்தில் ஒரு சர்ச்சில் கருஞ்சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். உங்கம்மா ஏன் சமைக்கலைன்னு கேக்கலை. அந்தப் பேரைத்தான் 1972இல் பம்பாயில் நம்மவர்கள் எடுத்தார்கள். பேரை எடுத்தோம், அந்தத் தட்டை எடுத்தோமா? இது என் ஆதங்கம், கோவிச்சுக்காதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு கேள்வி எழுதிட்டு வாங்க. நம்ம பிள்ளைகள்ட்ட கேட்கவேண்டிய கேள்வி. என்னோடது இதுதான்: ஸ்காலர்ஷிப்புக்காக வகுப்புல எல்லார் முன்னாடியும் ‘எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிச்சு நில்லு’ன்னு சொன்னாங்களா?

ஆறாம் வகுப்பிலிருந்து வருஷா வருஷம் நான் நின்னேன். எனக்கு இப்ப முப்பத்தாறு வயசு. போன வாரம் டாக்டர் பிரஷர் பாத்தாரு. ரொம்ப அதிகமா இருக்கேன்னு சொல்லிட்டுக் கேட்டாரு: “குடும்பத்துல யாருக்காவது இருக்கா?”