சலங்கையும் கோப்பும்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

சற்றுமுன் நம் சிறுமியர் இம்மேடையில் ஆடக் கண்டு களித்தோம். அக்களிப்பினூடே ஒரு கவலையும் எழுகின்றது. இவர்களுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்பிற்குப் பின்னும் சலங்கை கட்டுவர்? நம் குடியிருப்பில் அரங்கேற்றம் கண்ட நங்கை ஒருத்தி, முழங்கால் நோயால் ஆடலைக் கைவிட்டாள். இன்று அவள் கலை நிர்வாகம் பயில விழைகின்றாள். ‘ஆடலும் போயிற்று, இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?’ என்று பெற்றோர் கலங்குகின்றனர். அக்கலக்கத்தை நாம் எள்ளலாகாது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் நியாயமான கலக்கம் அது.

இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இத்தில்லியிலேயே 1928இல் பிறந்தவர் கபிலா வாத்ஸ்யாயன் அம்மையார். அச்சன் மகாராஜிடம் கதக்கும், அமோபி சிங்கிடம் மணிப்புரியும் பயின்றவர். எனினும் ஆடலோடு நின்றுவிடவில்லை. தில்லியிலும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் முதுகலைப் பட்டங்கள் பெற்றார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். இலக்கியத்திலும் பிற கலைகளிலும் நடனம் பெறும் இடத்தை ஆராய்ந்த அவரது நூலைச் சங்கீத நாடக அகாதெமி 1968இல் வெளியிட்டது. நம்மில் பலரைப் போலவே அவரும் மத்திய அரசின் அமைச்சகத்தில் கோப்புகளோடு உழைத்தவரே. 1985இல் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தை உருவாக்கி வளர்த்த பெருமை அவருடையது. தஞ்சைப் பெரிய கோவிலைத் தனி ஆய்வுப் பொருளாக அம்மையம் மேற்கொண்டது. 2020இல் அம்மையார் மறைந்தார். மையம் இன்றும் பணியாற்றுகின்றது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935இல் மேடையேறியவர் ருக்மிணி தேவி அம்மையார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அவர் 1986இல் மறைந்த பின்னரும் அந்நிறுவனம் நிலைத்தது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் ஆயிற்று.

‘கலைக்கும் கணக்கிற்கும் என்ன உறவு?’ என்று கேட்போர் தஞ்சைக் கல்வெட்டைக் காண்க. ஆயிரம் ஆண்டுகட்கு முன் இராசராசன் பெரிய கோவிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், குடியிருந்த வீடும் கல்லில் வெட்டப்பெற்றன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கிற்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ, வேறிடம் சென்றாலோ, தகுதியுள்ள உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். உறவினர்க்குத் தகுதியில்லையேல் தகுதியுடைய பிறரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் அங்குண்டு. நட்டுவரும் பாடுவோரும் பெற்ற பங்குகளின் வரிசையிலேயே கணக்கர் பங்கும் காணப்படுகின்றது! வேலைநியமனம், ஊதியம், குடியிருப்பு ஒதுக்கீடு, வாரிசு விதி என்பவற்றை மோதி பாக் மக்களுக்கு நாம் விளக்கவும் வேண்டுமோ? இதுவே கலை நிர்வாகம்.

இன்று அது தனிக் கல்வியாக வளர்ந்துள்ளது. வரவுசெலவுத் திட்டம், நன்கொடை திரட்டல், ஒப்பந்தம், பதிப்புரிமை, ஆவணக் காப்பு ஆகியன அதன் பாடங்கள். கணக்கறிந்தும் ஆடலறியாதவர், ஒத்திகைக்கான செலவை வீண் என்று வெட்டிவிடக்கூடும். ஆடலறிந்தும் கணக்கறியாதவர், பக்கவாத்தியக்காரர்க்குக் கூலி கொடுக்க இயலாது தவிக்கக்கூடும். இரண்டும் அறிந்தவர் அரியர். கால்வலியோடு ஆடியவளுக்குத் தெரியும், கல்தரையில் ஆடவிடலாகாது என்பது. அவ்வறிவை எந்தப் பாடநூல் தரும்?

இப்பாதையில் பொருள்வளம் எளிதில் வரும் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். தொடக்க ஊதியம் சிறிதாகலாம்; வேலை தேடிக் காத்திருக்க நேரலாம். ஆயினும், பல ஆண்டுகள் அதிகாலையில் எழுந்து அடவு பயின்ற உழைப்பைப் பரண்மேல் ஏற்றிவிடுதல் அதனினும் பெரிய இழப்பன்றோ?

ஆகவே பெற்றோரே, அந்நங்கையைப் படிக்க விடுங்கள். சங்கமும் தன் பங்கிற்கு, அடுத்த ஆண்டு விழாவின் வரவுசெலவுப் பொறுப்பை அவளிடமே ஒப்படைக்கட்டும். அவள் முதற்பாடத்தை நம் மேடையிலேயே கற்கட்டும்.

வாழ்க கலை! வளர்க நம் சங்கம்!