நடுகல் நின்ற களம்



தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்திலே, வைகைக் கரையிலே, புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர். 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். மூன்றிலும் தமிழி எழுத்து! கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது அவர்தம் முடிபு.

மன்னனின் மெய்க்கீர்த்தியா அவற்றிலே? இல்லை! கூடல் ஊரிலே நடந்த ஆகோளில், ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்ட அந்தவன் என்பானின் பெயர் ஒரு கல்லிலே. தொல்காப்பியத்திலே காணும் 'ஆகோள்' எனும் சொல், இதோ கல்லிலும் இருக்கிறது! மாளிகைக்கு மட்டுமா எழுத்து? மாடு வளர்த்த ஊருக்கும் எழுத்து உண்டு என்று சாற்றுகிறது அந்தக் கல்.

கல்லை எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதாதா என்பர் சிலர். போதாது, தோழர்களே! அந்தக் கூடல் மதுரையா, கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரா? கல் நின்றது எந்த ஈமக்குழியின் அருகே? எந்த ஆழத்திலே எந்தப் பானை? கல் தனித்து விடை கூறாது. களமும் சேர்ந்தே கூறவேண்டும். அங்கோ, ஈமக்காடு முன்னரே சிதைந்து கிடந்தது. மண்வெட்டிக்குத் தாழியும் ஓடுதானே!

ஆதிச்சநல்லூரை எண்ணிப் பாருங்கள். 1876இல் யாகோர் என்ற செர்மானியர் அகழ்ந்தார். பொருள்கள் பெர்லினுக்குப் பயணமாயின. அகழ்ந்த குழியை அங்கேயே மக்கள் காணும் ஏற்பாடு 2023இல்தான் வந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு! வைகைக் கரையும் அவ்வளவு காலம் காத்திருப்பதா?

கட்டடம் பிறகு, திட்டம் முதலில்! புல எண் வாரியாக எல்லையை அளந்து வரைபடம் தீட்டுக. எங்கே உழலாம், எங்கே தோண்டலாகாது என்பதை உழவரோடு அமர்ந்து முடிவு செய்க. நிலம் தருவோர்க்கு உரிய ஈடு தருக. மழைநீர் வடிய வழி காண்க. எஞ்சிய கற்கள் கிடைப்பின், எண்ணெய் பூசாது, வெள்ளையடிக்காது, சிமெண்டிலே புதைக்காது காக்க. காவற்பணியை அவ்வூர் இளைஞர்க்கே அளிக்க. திறப்புவிழாவுக்கு ஒரு நாள் போதும். கூரை ஒழுகாமல் காக்க ஆண்டுதோறும் நிதி வேண்டும். அதையும் திட்டத்திலேயே எழுதுக!

யார் கேட்பது? நாம்தான்! அடுத்த கிராம சபையிலே தீர்மானம் கொணருங்கள். கையொப்பம் திரட்டுங்கள். மாண்ட வீரனுக்கு ஊர் கூடி நடுகல் நட்டது அன்று. அவன் களத்துக்கு எல்லைக்கல் நடுவோம் இன்று!