கண்மாயில் கிடப்பது நம் மண்

(வண்டல் அனுமதி கேட்டு நடந்த ஒருநாள் தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் துண்டுப் பிரசுரமாக வெளியிடப்படுகிறது.)



காலை ஒன்பது மணியிலிருந்து இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசச் சொல்லித் தலைவர் உத்தரவு. பேசுவதற்கு முன்னால் இந்த மேசையைக் கொஞ்சம் பாருங்கள். ரெண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் ரெண்டு மண் கட்டி. ரெண்டும் கரிசல். ரெண்டும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடுத்தது. ஒன்று கோயில் தரிசில், புல்லும் கொழிஞ்சியும் மண்டிக் கிடக்கிற இடத்தில் எடுத்தது. இன்னொன்று பதினைந்து வருஷமாக மக்காச்சோளம் மட்டுமே போடுகிற புஞ்சையில் எடுத்தது.

ரெண்டையும் தண்ணீரில் போடுகிறோம். பார்த்தீர்களா? புஞ்சைக் கட்டி நாம் பத்து எண்ணுவதற்குள் பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் காப்பிக் கலரில் ஆகிவிட்டது. தரிசுக் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் லேசாக உதிர்கிறது, அவ்வளவுதான். இந்தப் பேச்சு முடிகிறவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

என்ன வித்தியாசம்? தரிசு மண்ணில் வேர் இருக்கிறது, மக்கின தழை இருக்கிறது, மண்புழு இருக்கிறது. இதுகள் எல்லாம் சேர்ந்து மண்ணுக்கு ஒரு பசையைக் கொடுக்கிறது. நம் புஞ்சையில் அந்தப் பசை செத்துப் போச்சு. பசை போன மண்ணில் மழைத்துளி விழுந்தால் மாவாகக் கரையும். கரைந்த மாவு மண்ணில் இருக்கிற சின்னச் சின்னத் துவாரத்தை எல்லாம் அடைத்துவிடும். பிறகு பெய்கிற மழை உள்ளே இறங்க வழியில்லை. மேலோடு ஓடும். ஓடும்போது சும்மா ஓடாது, மேல் மண்ணையும் தூக்கிக்கொண்டு ஓடும்.

கரிசலுக்கு இன்னொரு குணமும் உண்டு, நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக அடி வரைக்கும் போகும். ஆனால் மண் நனைந்து ஊதினவுடனே வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீர் இறங்குவது ஆமை வேகம்தான். அதனால்தான் பார்வைக்குச் சமதரையாகத் தெரிகிற கரிசலிலும் அரிப்பு உண்டு. மலைச்சரிவில்தான் மண் போகும் என்று நினைப்பது தப்பு. நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தாலே போதும்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம்? அரசாங்கத்தைத் திட்டத்தான் மைக் பிடித்திருக்கிறோம். ஆனால் முதலில் நம்மைப் பற்றி நாமே சொல்லிவிடுவோம், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால்.

எங்கள் அப்பாமார் காலத்தில் வீட்டுக்கு ரெண்டு ஜோடி மாடு. தொழுவத்துக் குப்பை முழுக்கப் புஞ்சைக்கு. கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தால், எங்கள் புஞ்சையில் கிடை போடு, உங்கள் புஞ்சையில் கிடை போடு என்று போட்டி நடக்கும். கண்மாய் வற்றினவுடனே கரம்பை அடிப்போம். ஒரு வருஷம் கம்பு என்றால் மறுவருஷம் பருத்தி, பருத்திக்குள்ளே உளுந்து, பாசி. பயறு வகை கொடியாகப் படர்ந்து தரையை மூடிக்கொள்ளும். மழைத்துளி மண்ணில் நேராக விழாது. இப்படிச் செய்தால் மண் கரையாது என்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

பிறகு மாட்டை விற்றோம். கூலிக்கு ஆள் இல்லை, மாடு மேய்க்கப் பையன் இல்லை, வேறு வழியும் இல்லை, அதைத் தப்பென்று சொல்ல மாட்டோம். ஆனால் மாடு போனதோடு குப்பையும் போச்சு. டிராக்டர் வந்தது. டிராக்டருக்கு மணிக் கணக்கில் வாடகை. குறுக்கே உழுதால் அடிக்கடி திருப்ப வேண்டும், நேரம் ஆகும், காசு ஆகும். அதனால் வாட்டத்தோடு நீளமாக உழச் சொன்னோம். தண்ணீர் ஓடுவதற்கு நாமே வாய்க்கால் போட்டுக் கொடுத்த மாதிரி! வண்டி திரும்ப இடைஞ்சல் என்று குறுக்கு வரப்பை உடைத்தோம். ரோட்டவேட்டர் வந்தபோது, ஆகா, மண்ணு ரவை மாதிரி ஆயிட்டுதே என்று சந்தோஷப்பட்டோம். ரவையாகின மண்தான் முதலில் கரையும். மேலே ரவை, அடியில் வருஷம் தோறும் ஒரே ஆழத்தில் அடி வாங்கித் தட்டாகிப் போன மண். வேர் எங்கே இறங்கும்?

மக்காச்சோளம் வந்த கதை உங்களுக்கே தெரியும். கோழித் தீவனத்துக்கு வாங்கினார்கள், விலை கிடைத்தது, பன்றியும் காக்காயும் போக மிச்சம் வீட்டுக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு நடுகிற பயிர், ஐப்பசி மழை அடிக்கிற நேரத்தில் முழங்கால் உயரம்கூட இருக்காது. தரை அம்மணமாகக் கிடக்கும். பெரிய தீனிக்காரப் பயிர் வேறு. 2018-ல் படைப்புழு வந்து அடித்த பிறகாவது மாற்றிப் போடுவோம் என்று பார்த்தால், மருந்தைக் கூட்டினோமே தவிரப் பயிரை மாற்றவில்லை. அறுத்த பிறகு தட்டையைக் கொளுத்துகிறோம். கொளுத்தாதே என்று சங்கம் போன வருஷம் தண்டோரா போட்டது. தண்டோரா போட்டவர் புஞ்சையிலேயே புகை வந்தது. சிரிக்காதீர்கள், அவருக்கும் விதைப்புக்கு நேரமாச்சு, தட்டையை மடக்கி உழ வாடகை கொடுக்கக் காசில்லை.

இப்போது அரசாங்கக் கதைக்கு வருவோம்.

யூரியாவை மட்டும் கொட்டாதே என்று விவசாயத் துறை அதிகாரிகள் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். சரி. அப்படியானால் விலையை யார் அப்படி வைத்தது? 2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களை அதில் சேர்த்து விலையை அவிழ்த்து விட்டது. யூரியாவை மட்டும் சேர்க்கவில்லை. அப்போது 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை கிட்டத்தட்ட 470 ரூபாய். பிற்பாடு அது 1,350-க்குப் போனது. யூரியா அப்போது 50 கிலோ மூட்டை 265 ரூபாய் சுமார். 2018-லிருந்து 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிற சம்சாரி எதை வாங்குவான்? பயிர் பச்சென்று வருவது எதில் கண்ணுக்குத் தெரிகிறதோ அதைத்தான் வாங்குவான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

அதுவும் நம் கரிசல் சுண்ணாம்பும் காரமும் உள்ள மண். மேலாக எறிகிற யூரியாவில் ஒரு பகுதி ஆவியாகக் காற்றில் போய்விடும். போட்டதில் பாதி யாருக்குப் போகிறதென்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது ஏதோ இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் கிளப்பிவிட்ட விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கோயம்புத்தூரில் வேளாண்மைக் கல்லூரி நிலத்தில் 1909-ல் ஒரு நிரந்தர எரு சோதனையை ஆரம்பித்தார்கள். ஒரே பாத்திக்கு வருஷா வருஷம் ஒரே உரத்தைப் போட்டுக்கொண்டே வந்து மண் என்ன ஆகிறது என்று பார்ப்பது. நூறு வருஷத்துக்கு மேலே ஓடுகிற சோதனை. 1970 வாக்கில் நாட்டில் பல ஊர்களிலும் இதே மாதிரி ஆரம்பித்தார்கள். இந்த நீண்டகாலச் சோதனைகள் மொத்தத்தில் காட்டுவது ஒன்றுதான்: தழைச்சத்தை மட்டும் போட்டுக்கொண்டே வந்த பாத்தியில் விளைச்சல் போகப் போக இறங்கும், மூன்று சத்தும் தொழுவுரமும் சேர்ந்து போன பாத்தி நிற்கும். நம் கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது 1901-ல். அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

மண்வள அட்டை கொடுத்தார்கள், 2015-லிருந்து. பன்னிரண்டு விஷயம் பார்த்து எழுதியிருக்கிறது. நம் உறுப்பினர்கள் சங்கத்துக்குக் கொண்டு வந்து காட்டிய அட்டைகளில் கரிமச்சத்து என்ற இடத்தில் எல்லாம் 'குறைவு' என்றுதான் இருக்கிறது. அரை சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. குறைவு என்று எழுதிக் கொடுத்தீர்களே, கூட்டுவதற்கு என்ன கொடுத்தீர்கள்? வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மருந்துக் கடையைப் பூட்டிய மாதிரி இருக்கிறது.

அந்த மருந்து எங்கே இருக்கிறது? நம் ஊர்க் கண்மாயில் கிடக்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983-ல் டேராடூன் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் போட்ட கணக்குப்படி, நாட்டுச் சராசரியாக வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேலே மண் இடம் பெயர்கிறது. ஏக்கருக்கு ஆறரை டன். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மண் சுமார் 130 டன் எடை வரும். அப்படியானால் இருபது வருஷத்தில் ஒரு அங்குலம் காலி. சத்து முழுக்க அந்த மேல் அங்குலங்களில்தான் இருக்கிறது. இயற்கை அதைத் திருப்பிச் செய்ய நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். அப்படிப் போன மண்ணில் ஒரு பகுதி ஓடை வழியாக வந்து கண்மாயில் படிகிறது. கண்மாய் மேடாகி நீர்ப்பிடிப்பு குறைகிறது. மேலே புஞ்சைக்காரனுக்கும் நட்டம், கீழே நஞ்சைக்காரனுக்கும் நட்டம்.

2017-ல் அரசு விதியைத் திருத்தி, கண்மாய் வண்டலை விவசாயி காசில்லாமல் எடுக்கலாம் என்றது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர். புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 டிராக்டர். 2024-ல் அனுமதி கொடுக்கிற அதிகாரம் தாசில்தார் மட்டத்துக்கு வந்தது. வரவேற்றோம், இனிப்புக்கூடக் கொடுத்தோம். இந்த 30 டிராக்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் ஒரு அங்குலம்கூட முழுசாக வராது. போனதில் ஒரு அங்குலத்தைத் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

அதற்கு என்ன நடந்தது? நம் உறுப்பினர்கள் சித்திரையில் மனுப் போட்டார்கள். சிட்டா கொண்டு வா, அடங்கல் கொண்டு வா. பட்டா தாத்தா பேரில் இருக்கிறதா, அதை மாற்றிக்கொண்டு வா. குத்தகைக்கு உழுகிறாயா, அப்படியானால் உனக்குக் கிடையாது. அலைந்து திரிந்து அனுமதிச் சீட்டு கைக்கு வந்தது ஆவணி கடைசியில். புரட்டாசி விதைப்புக்கு உழுது போட்டாச்சு. கோடை மழைத் தண்ணீர் கண்மாய்ப் பள்ளத்தில் நிற்கிறது. கரம்பையை எங்கே வெட்டுவது, எங்கே கொட்டுவது? அதே கண்மாயில் ராத்திரி லாரி போய் வந்த தடம் மட்டும் புத்தம் புதுசாக இருந்தது. அது யாருடைய லாரி என்று இங்கே சொல்லப் போவதில்லை. மனுவில் எழுதியிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் பக்கத்தில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் தண்ணீரில் போனது. வந்து பார்த்தார்கள், பயிரைக் கணக்கெடுத்தார்கள். 2022 முதல் 2026 வரைக்கும் என்று மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதியில், மானாவாரிப் பயிர் போனால் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் மேவினால், சிறு குறு விவசாயிக்கு அதை அள்ள 18,000. ஆறு திசை மாறி நிலத்தையே கொண்டுபோனால் 47,000. ஆனால் நம் புஞ்சையில் மேல் மண் ஒரு அங்குலம் சத்தமில்லாமல் கரைந்து போனதே, அதற்கு ஒரு வரியும் இல்லை. பயிர் போனால் அடுத்த வருஷம் விதைக்கலாம். கணக்கெடுக்க வந்தவரிடம் ஒரு பெரியவர் வேர் தெரிகிற பருத்திச் செடியைக் காட்டி, “இந்த மண்ணு எங்க போச்சுன்னு எழுதுங்க சார்” என்றார். எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று பதில் வந்தது.

அதனால் இன்றைக்கு நாம் கொடுக்கிற மனுவில் இருப்பது இதுதான். வண்டல் அனுமதியைப் பங்குனிக்குள் கொடு, ஊர் ஊராக முகாம் போட்டுக் கொடு. குத்தகைதாரருக்கும் கொடு, கிராம நிர்வாக அலுவலர் சான்று போதும் என்று வை. எந்தக் கண்மாயில் யார் எத்தனை வண்டி எடுத்தார்கள் என்று ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டு. ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும், சிறு குறு விவசாயி புஞ்சையில் குறுக்கு வரப்புப் போடுவதை முதல் வேலையாக வை. உளிக்கலப்பையும் தட்டை மடக்கி உழுகிற கருவியும் வாடகை குறைத்து ஒன்றியத்துக்கு நாலாவது நிறுத்து. தொழுவுரத்துக்கும் பசுந்தாள் விதைக்கும் யூரியாவுக்குக் கொடுக்கிற மாதிரி மானியம் கொடு. மேல் மண் இழப்பை நிவாரண விதியில் சேர்க்கச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுத வேண்டும்.

நம் பக்கத்து வேலையும் உண்டு. சங்கக் கமிட்டியில் முடிவு செய்தது: இந்த வருஷம் கமிட்டி உறுப்பினர்கள் யாரும் தட்டை கொளுத்துவதில்லை, வாட்டத்தோடு உழுவதில்லை, உறுப்பினர் தலைக்கு ஒரு ஏக்கராவது மக்காச்சோளத்தை விட்டுக் கம்போ பயறோ போடுவது. மீறுகிறவர் சங்கத்துக்கு ஒரு கிடை ஆட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். செயலாளருக்கும் சேர்த்துத்தான்.

டம்ளரைப் பாருங்கள், தரிசுக் கட்டி இன்னும் கரையவில்லை. இந்த ரெண்டு டம்ளரையும் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போகப் போகிறோம். பத்துப் பேர் வந்தால் போதும் என்று போலீஸ் சொல்லியிருக்கிறது, ஊருக்கு ஒருவர் எழுந்து வாருங்கள். மற்றவர்கள் கலைய வேண்டாம். சாப்பாடு பன்னிரண்டரைக்கு வருகிறது. வரும் மாதம் மாவட்ட ஆட்சியர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் சிட்டா நகல், மண்வள அட்டை, அவரவர் புஞ்சை மண் ஒரு கட்டி கொண்டு வர வேண்டும். தண்ணீரும் டம்ளரும் சங்கம் கொண்டு வரும்.