நாடி கிடைக்காத கை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெண்கள் தினக் கூட்டத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



கோயில் கட்டின வரலாற்றைச் சொல்ல மூத்தவர்கள் பலர் இம்மேடையில் இருக்கிறார்கள். என்னை மட்டும் மாதர் சங்கத்தார், "உங்க வியாதியைப் பத்திப் பேசுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார்கள். விழாவில் வியாதிப் பேச்சா என்று எண்ணுவோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பெரும்பாலும் இளம் பெண்களைத் தாக்கும் நோய். இங்கே முன் வரிசையில் இளம் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போது 24 வயது. கரும்பலகையில் நாலு வரி எழுதுவதற்குள் கை கல்லாகக் கனக்கும். கீழே தொங்கவிட்டுச் சற்று நின்றால் சரியாகிவிடும். தலை பின்னும்போதும், துணி அலசும்போதும் அப்படியே. மாலையானால் உள்காய்ச்சல். எடை குறைந்துகொண்டே வந்தது. இரத்தம் இல்லை என்று ஒருவர் டானிக் கொடுத்தார். திருஷ்டி என்று மிளகாய் சுற்றினார்கள். ஓர் இடத்தில் இரத்த அழுத்தம் பார்த்த அம்மா கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஷின் ரிப்பேர்" என்றார். கடைசியில் ஊர் நாட்டு வைத்தியர்தான் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வெகுநேரம் இருந்துவிட்டு, "பாப்பா, இடது கையில் நாடியே இல்லை, வலது கையில் நூல் மாதிரி ஓடுது, இது என் மருந்துக்கு அடங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். தம் எல்லையைத் தெரிந்த வைத்தியர் எந்த முறையைச் சேர்ந்தவராயினும் நல்ல வைத்தியரே என்பது என் கட்சி.

அப்பா லாரி ஓட்டுபவர். வண்டியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, சேலத்தில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துச் சென்றார். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டில் போட்டுத் தொடங்கிய இடம் அது. அங்கேதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: தகாயாசு ஆர்டெரைடிஸ்.

பெயரைக் கேட்டதும் அப்பா, "ஜப்பான் வியாதி இங்கே எப்படி வந்தது?" என்றார். மிகிடோ தகாயாசு என்பவர் ஜப்பானியக் கண் டாக்டர். 1908-ம் ஆண்டில், ஓர் இளம் பெண்ணின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் மாலை கட்டினாற்போல் வளையமாகப் பின்னிக் கிடப்பதை அவர் எடுத்துரைத்தார். அதே சமயம் வேறு இரு டாக்டர்கள், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றார்கள். கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? மேலே போகும் பெரிய குழாய்கள் அடைபடவே, இரத்தம் சின்னக் குழாய்களில் சுற்றுவழி தேடிக்கொள்கிறது. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரப்போரம் வழி பண்ணிக்கொள்வதைப் பார்த்தவர்கள்தானே நாம்! நாடி இல்லாத என் கை அழுகிப் போகாமல் இருப்பதும் இந்தச் சுற்றுவழியால்தான்.

நோய் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு போரிட நம் உடம்பில் காவல் அணுக்கள் உண்டு. அவை ஆள் மாறிப் போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயையும் அதன் கிளைகளையும் பகையென்று எண்ணித் தாக்குகின்றன. குழாயின் சுவர் வீங்கித் தடித்து, உள்வழி குறுகிவிடுகிறது. ஏன் இப்படி ஆள் மாறுகிறது என்பதை எந்த நாட்டு விஞ்ஞானமும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. இது தொற்று நோய் அன்று. என் தம்ளரில் தண்ணீர் குடித்தால் வராது. பாவத்தின் சம்பளமும் அன்று. அப்படி ஒருவர் என் தாயாரிடம் சொன்னதை இன்னும் நான் மறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதைத் தயவு செய்து கவனமாகக் கேளுங்கள். ஜப்பானில் பெரும்பாலும் கழுத்துக்கும் கைக்கும் போகும் குழாய்கள் கெடுகின்றன. நம் நாட்டிலோ வயிற்றுப் பெருங்குழாயும் சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் கெடுவது மிகுதி. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால், உடம்பு முழுவதும் அழுத்தம் குறைந்துவிட்டது என்று அது தவறாக எண்ணி, அழுத்தத்தை ஏற்றும் சுரப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். எனக்குக் கையில் அளந்தால் மேல் அளவு 100. காலில் பட்டை கட்டி அளந்தபோது 200-க்கு மேல்! கைக்குப் போகும் குழாய் அடைபட்டிருந்ததால் கைக் கணக்கு பொய்க் கணக்கு. அந்தப் பொய்யை நம்பியிருந்தால், மூளையில் இரத்தம் கசிந்தோ, இதயம் களைத்தோ என் கதை முடிந்திருக்கும்.

ஆகவே 40 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்றால், மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டு கையிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், காலிலும் பார்க்கச் சொல்லுங்கள். இரு கைக்கும் மேல் அளவில் 20 வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள் அல்லவா? என் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் முதல் நாளே, "கையில் வேண்டாம் கண்ணு, காலில் பார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

வைத்தியத்துக்கு வருகிறேன். முதல் மருந்து பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு. விலை மலிவு, வேலை பெரிது. தாக்குதலை உடனே அடக்கும். ஆனால் கூலியும் கேட்கும். மூன்றே மாதத்தில் என் முகம் பணியாரம்போல் உப்பியது. டீச்சர் வேலூர்ச் சாப்பாட்டில் பூசிவிட்டார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கிருமி எளிதில் தொற்றும். அதனால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மெதோட்ரெக்சேட், அசத்தியோபிரின், மைக்கோபினோலேட் போன்ற வேறு மருந்தின் மேல் பாரத்தை ஏற்றுவார்கள். மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டேன். பூசையும் மறக்காது, மாத்திரையும் மறக்காது. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு டோசிலிசுமாப் என்னும் ஊசி வந்திருக்கிறது. அதன் விலையைக் கேட்டால் பல்லாயிரம். நோய் தணிந்த பிறகு என் சிறுநீரகக் குழாயைப் பலூன் விட்டு விரித்தார்கள். நோய் கொதிக்கும்போது விரித்தால் மறுபடி சுருங்கிவிடும் என்பதால் காத்திருக்கச் சொன்னார்கள்.

ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அந்த மாத்திரையை நம்பி நிறுத்தி வைத்திருக்கும். சட்டென்று விட்டால் ஆளே சாய்ந்துவிடுவோம். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறேன் என்று சொல்லி மாத்திரையை விடுகிறவர்கள் நம்மில் உண்டு. நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்பது திருச்சபைச் சட்டம். வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக நேர்ந்துகொண்டவர்கள், மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு, டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

வேலூரில் காத்திருக்கும் கூடத்தில் வங்காளத்துப் பெண்கள், ஜார்க்கண்டுப் பெண்கள், நம் பக்கத்துப் பெண்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பாஷை தெரியாது, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொள்வோம். அந்தக் கூட்டம் வீண் போகவில்லை. இந்திய நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, வேலூர், லக்னோ முதலிய இடங்களின் டாக்டர்கள் சேர்ந்து நோயின் வேகத்தை மதிப்பெண்ணாக அளக்க ஒரு முறை வகுத்தார்கள். ஐடாஸ் 2010 என்று அதற்குப் பெயர். இன்று பிற நாட்டாரும் அதைக் கையாளுகிறார்கள். எங்கள் கைகளைத் தொட்டு எழுதின கணக்கு அது என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஆனால் அதே கூடத்தில் கண்ட ஒரு பெண்ணை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கல்யாணம் ஆகி ஒரு வருடம். பிறந்த வீட்டார் நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரையை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்து, ஆள் இல்லாதபோது விழுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் முடியாமல் நிறுத்திவிட்டாள். நான் பார்த்தபோது ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, நாற்காலி வண்டியில் இருந்தாள். அவளுடைய மாமியாரை எல்லோரும் ஏசினார்கள். சொல்லாத ஒன்றை அந்த அம்மா எப்படி அறிவார்?

எனக்கும் நிச்சயம் செய்திருந்தார்கள். அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார். அந்தச் சம்பந்தம் நின்றது. அம்மா ஒரு மாதம் அழுதார். மூன்று வருடம் கழித்து, எல்லாம் தெரிந்தே ஒருவர் வந்தார். இதோ பந்தல் ஓரத்தில் மைக் செட்டோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார். குழந்தை பெறலாமா என்று டாக்டரைக் கேட்டோம். நோய் தணிந்திருக்க வேண்டும், அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், கருவைக் கெடுக்கும் மெதோட்ரெக்சேட்டைப் பல மாதம் முன்னதாகவே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்றார். அவ்வாறே செய்தோம். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு இரண்டு கையிலும் நாடி துள்ளுகிறது.

முன்பு நாங்கள் எதற்கும் வேலூர், சென்னை என்று ஓடினோம். இன்று சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று, எது எதற்குச் செல்லும் என்று கேளுங்கள். இந்த நோய் உள்ளவர்கள் சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருப்பது அவசியம்: "எனக்கு இந்த நோய், இந்தக் கையில் நாடி இராது." ஒரு சாவு வீட்டில் நான் மயங்கி விழுந்தபோது கையைப் பிடித்துப் பார்த்த பெரியவர், "இவளும் போயிட்டா" என்று சத்தம் போட்டுவிட்டார். நான் எழுந்து உட்கார்ந்ததில் அவர்தான் விழப் பார்த்தார்!

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளிக்கூட வராந்தாவில், ஆஸ்பத்திரிச் சகோதரிகள் இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். காபி குடிக்கும் முன் வாருங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு என்று வீட்டில் விட்டு வராதீர்கள். முக்கியமாய் அவளைத்தான் கூட்டி வர வேண்டும். கை இறுக்கமான ரவிக்கை போடாமல் வந்தால் பட்டை கட்ட வசதியாயிருக்கும்.